உடற்பயிற்சி ஏன் நின்றுபோகிறது? சொல்லும் சாக்கை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி

"நேரமே இல்லை", "உடம்பு அசதியா இருக்கு", "முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குது." இப்படிச் சொல்கிறவரைச் சோம்பேறி என்று முடிவுகட்டிவிடுவது சுலபம். அப்படி முடிவுகட்டியதால் யாரும் எழுந்து நடந்ததாகத் தெரியவில்லை. சாக்கு என்று நாம் ஒதுக்குவது பெரும்பாலும் ஓர் அறிகுறி. அதைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால், போட்ட திட்டத்தில் ஏதோ ஒரு பழுது கிடைக்கும்: ஆரம்ப அளவு கூடிப்போயிருக்கும், நேரம் குறிக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது பார்க்கக் கூடாத தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் வாயில் அடிக்கடி வருகிற வாக்கியத்தைக் கீழே தேடிப் பிடியுங்கள். அந்தப் பகுதியைச் செய்து பார்த்து இரண்டு வாரம் பொறுங்கள். சரியாகவில்லை என்றால் அடுத்ததற்குப் போங்கள். நாலைந்தை ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போய்விடும்.

எட்ட வேண்டிய அளவு எவ்வளவு என்பதில் குழப்பம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. இதோடு வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைக்கு வேலை. மிதமா கடுமையா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். செய்துகொண்டே பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்குகிறது என்றால் கடுமை. இந்தப் பேச்சுச் சோதனை கீழேயும் வரும்.

எதற்கும் முன்னால்: இவை சாக்கு அல்ல

- நடக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சில் இறுக்கம், நின்றால் குறைவது, தாடை, தோள், கை பக்கம் பரவும் வலி
- உழைப்பின் நடுவில் மயக்கம், கண் இருட்டிக்கொண்டு வருதல்
- முன்பு சாதாரணமாகச் செய்த வேலைக்கே இப்போது மூச்சுத்திணறல், அல்லது மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுதல்
- ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும்
- உட்கார்ந்திருக்கும்போதே இரத்த அழுத்தம் 180/110-க்கு மேல்

இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். இன்சுலினோ சர்க்கரையைச் சட்டென இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், பயிற்சியால் சர்க்கரை கீழே இறங்கலாம் என்பதால் மருந்தின் அளவையும் நேரத்தையும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும். இந்தத் தொல்லை எதுவும் இல்லாதவர் மெதுவான நடையைத் தொடங்க யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை.

"ஆரம்பிப்பேன், மூணாம் நாள் நின்னுடும்"

அதிகம் பேர் விழுகிற குழி இதுதான். காரணமும் பெரும்பாலும் ஒன்றே: முதல் நாள் உற்சாகத்தில் செய்த அளவு.

பழக்கமில்லாத தசைக்கு வேலை கொடுத்தால் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போகும். அன்றைக்கே வலிக்காது என்பதுதான் இதில் உள்ள பொறி. முதல் நாள் "இவ்வளவுதானா" என்று தோன்றும், இரண்டாம் நாளும் அதே அளவைப் போடுவோம், மூன்றாம் நாள் படி இறங்கும்போது தொடை கத்தும். தசையில் லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலிக்கிறது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே அது இரத்தத்திலிருந்து இறங்கிவிடும். இரண்டு நாள் கழித்து வரும் வலிக்கு அது பொறுப்பாக முடியாது. தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போது அதன் இழைகளில் உண்டாகும் நுண்ணிய சேதமும், அதைச் சரிசெய்ய உடம்பு கிளப்பும் அழற்சியும்தான் காரணம். அதனால்தான் மேடு ஏறுவதைவிட இறங்குவதும், எழுவதைவிட மெதுவாக உட்காருவதும் அதிகம் வலிக்க வைக்கின்றன.

நல்ல செய்தி ஒன்று உண்டு. அதே பயிற்சியை ஒரு வாரம் கழித்து மறுபடி செய்தால் வலி பாதிகூட இருக்காது. ஒரு சின்ன அளவே தசைக்கு இந்தக் காப்பைக் கொடுத்துவிடும். ஆகவே முதல் வாரத்தின் வேலை பலம் கூட்டுவது இல்லை, தசையை அறிமுகப்படுத்துவது மட்டும்தான்.

சரிசெய்யும் முறை:

1. முதல் வாரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள்: நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல் 6 முறை, சுவர்த் தண்டால் 6 முறை, குதிகாலைத் தூக்கி இறக்குதல் 10 முறை. ஒரே ஒரு சுற்று. மூன்றே நிமிடத்தில் முடிந்துவிடும். போதவில்லை என்று தோன்றத்தான் செய்யும். அப்படியே விடுங்கள்.
2. இரண்டாம் வாரம் இரண்டு சுற்று.
3. மூன்றாம் வாரம் முதல் இரண்டு பயிற்சியின் எண்ணிக்கையை 8 ஆக்குங்கள். பிறகு 10, 12 என்று வாரத்துக்கு ஒரு படி.
4. 12 முறை சிரமமில்லாமல் வந்துவிட்டால் எண்ணிக்கையை மேலும் ஏற்றாமல் பயிற்சியைக் கடினமாக்குங்கள்.

ஒவ்வொரு சுற்றையும் "இன்னும் 3 முறை செய்யலாம்" என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்துங்கள். ஒரு மாதம் போனபின் அந்த மிச்சத்தை 1 அல்லது 2-க்குக் குறைக்கலாம்.

சுவர்த் தண்டாலில் தவறு நடப்பது பெரும்பாலும் நிற்கும் இடத்தில். சுவருக்கு மிக அருகில் நின்றால் வேலையே இருக்காது. கையை முழுதாக நீட்டித் தொட்டு, அங்கிருந்து காலை அரையடி பின்னால் வையுங்கள். உள்ளங்கை தோள் உயரத்தில். குதிகால் முதல் தலை வரை ஒரே கோடு; இடுப்பு பின்னால் துருத்தினாலோ மூக்கு முதலில் சுவரைத் தொட்டாலோ கோடு உடைந்துவிட்டது. சுவர் சுலபமானால் சமையல் மேடை, பிறகு அசையாத பெஞ்சு, கடைசியில் தரை.

சாதாரண வலி என்றால் அடுத்த நாள் லேசாக நடங்கள்; முழுதாகப் படுத்துவிட்டால் இறுக்கம் கூடும். ஆனால் தசை வீங்கிக் கல் மாதிரி ஆகி, சிறுநீர் தேநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனால் காத்திருக்கக் கூடாது. தசை இழைகள் பெருமளவில் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிற நிலை அது. அன்றைக்கே மருத்துவமனை. நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒரேயடியாக நூற்றுக்கணக்கில் போட்டி போட்டுச் செய்பவர்களுக்கு இது வருவதுண்டு.

"நேரமே கிடைக்கல"

இரண்டு விதமான கோளாறு இந்த ஒரே வாக்கியத்தில் ஒளிந்திருக்கும். நேரம் நிஜமாகவே இல்லாதது ஒன்று. நேரம் துண்டு துண்டாக இருந்தும் அதைக் கணக்கில் சேர்க்காதது இன்னொன்று. எது உங்களுடையது என்று பார்க்க, போனின் திரைநேரக் கணக்கைத் திறந்து போன வார சராசரியைப் பாருங்கள். வேலை அழைப்புகளைக் கழித்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் நீங்கள் இரண்டாம் ரகம். (பெரும்பாலோர் இந்த எண்ணைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைப்பார்கள்.)

இரண்டாம் ரகத்துக்கு: ஒரே மூச்சில் அரைமணி நேரம் செய்தால்தான் பலன் என்ற எண்ணத்தை விடுங்கள். முந்தைய 2010 பரிந்துரையில் ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 நிமிடம் இருக்க வேண்டும் என்றொரு நிபந்தனை இருந்தது. 2020-இல் அதை எடுத்துவிட்டார்கள். 3 நிமிடப் படியேற்றமும் கணக்கில் சேரும். 2022-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வு ஒன்று, பயிற்சி என்று எதுவும் செய்யாத ஏறத்தாழ 25,000 பேரின் கைக்கருவிப் பதிவுகளைப் பார்த்தது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, வேகமாகப் படியேறுவது என்று ஒன்று இரண்டு நிமிட மூச்சிரைப்பு நாளுக்கு மூன்று முறை வந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிற ஆய்வு, இதனால்தான் அது என்று நிரூபிக்கவில்லை. ஆனாலும் "சின்னது எதற்கு" என்பவருக்குப் பதிலாக இது போதும்.

தசைப் பயிற்சிக்கும் கணக்குப் போட்டுவிடலாம். 3 பயிற்சி, 2 சுற்று, ஆக 6 தடவை. ஒவ்வொன்றும் 40 வினாடி, ஒவ்வொன்றுக்கும் பிறகு ஓய்வு 60 வினாடி. மொத்தம் 600 வினாடி, அதாவது 10 நிமிடம். வாரத்துக்கு இரண்டு தடவை என்றால் 20.

நேரம் நிஜமாகவே இல்லாதவருக்கு, உதாரணமாகக் கைக்குழந்தை வைத்திருப்பவருக்கோ இரட்டை ஷிப்ட் பார்ப்பவருக்கோ, இலக்கைக் குறைப்பதுதான் நேர்மையான வழி. வாரம் 150 என்பதை இந்த மாதத்துக்கு 60 ஆக்குங்கள். ஒன்றுமே செய்யாத நிலையிலிருந்து கொஞ்சம் செய்யும் நிலைக்கு வரும்போதுதான் ஆரோக்கிய லாபம் மிக அதிகம். மேலே போகப் போக ஒவ்வொரு நிமிடத்துக்கும் கிடைக்கும் லாபம் குறைந்துகொண்டே வரும்.

இரண்டு ரகத்துக்கும் பொதுவான பழுது ஒன்று: "சாயங்காலம் பார்த்துக்கலாம்." சாயங்காலம் என்பது நேரமே இல்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து ஆராய்ந்துவரும் உத்தியை இங்கே போடலாம்: எது முடிந்ததும், எங்கே, என்ன செய்வேன் என்று ஒரே வாக்கியத்தில் எழுதி வைப்பது. "காலையில் பல் தேய்த்ததும், குளியலறை வாசலில், 10 முறை குதிகால் தூக்குவேன்." நாளும் தவறாமல் நடக்கிற ஒன்றின் வாலில் கட்ட வேண்டும். "ஓய்வு கிடைத்ததும்" என்று எழுதினால் எழுதாததற்குச் சமம்.

"உடம்பு அசதியா இருக்கு"

எந்த அசதி என்று பிரித்துப் பார்க்காமல் இதற்கு மருந்து சொல்ல முடியாது.

நாள் முழுக்க உட்கார்ந்து மூளை களைத்த அசதியா? 10 நிமிடச் சோதனை செய்யுங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு மெதுவாக நடக்கத் தொடங்குங்கள். பத்தாவது நிமிடத்தில் தொடக்கத்தைவிட மோசமாக இருந்தால் மனசாட்சிக் குத்தல் இல்லாமல் வீடு திரும்பலாம். பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் மூட்டம் கலைந்துவிடும்.

தூக்கக் குறைவா? தொடர்ந்து சில நாள் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குகிறவர் விடியற்காலையில் அலாரம் வைத்து எழுந்து ஓடுவது தப்புக் கணக்கு. முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். பயிற்சியைப் பகலுக்குத் தள்ளுங்கள். இரவில் செய்தால் தூக்கம் கெடும் என்ற பயமும் பெரும்பாலோருக்கு வேண்டாதது. படுப்பதற்கு முன் கடைசி ஒரு மணி நேரத்தில் கடுமையான ஓட்டம், குதிப்பு இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுச்சளி இருந்தால் அன்று பயிற்சி கிடையாது. வெறும் மூக்கடைப்பு என்றால் மெதுவான நடை பரவாயில்லை.

வாரக்கணக்கில் விடாத அசதி என்றால் இரத்தச்சோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 குறைவு எல்லாம் வரிசையில் நிற்கின்றன. இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மனச்சோர்வும் இதே முகமூடியில் வரும். இன்னொரு ரகம் உண்டு, அதைத் தவறவிடக் கூடாது: கொஞ்சம் உழைத்தாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு நொறுங்கிப்போய், நாள்கணக்கில் மீளாமல் கிடப்பது. நீடித்த களைப்பு நோயிலும், கோவிட்டுக்குப் பிந்தைய சிலரிடமும் இது காணப்படுகிறது. இவர்களிடம் "கொஞ்சம் கொஞ்சமா கூட்டு" என்று தள்ளக் கூடாது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல் இந்த நோய்க்குப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சி முறையைப் பரிந்துரைப்பதையே நிறுத்திவிட்டது.

"முட்டி வலி, நடந்தா தேஞ்சிடும்"

முட்டியைத் தேய்கிற டயர் மாதிரி நினைப்பதுதான் இங்கே அடிப்படைப் பழுது. மூட்டுக் குருத்தெலும்புக்குத் தனியாக இரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவம்தான் அதற்குச் சாப்பாடு, மூட்டு அழுந்தி விடுபடும்போதுதான் அந்தத் திரவம் உள்ளே போய்வரும். அசையாத முட்டி பட்டினி கிடக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 1984-இல் தொடங்கி ஏறத்தாழ 18 ஆண்டு நீண்டதூர ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டார்கள். ஓடியவர்களிடம் மூட்டுத் தேய்மானம் அதிகமாக இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் "ஓடினா முட்டி போயிடும்" என்று அடித்துச் சொல்கிறவர் பதில் சொல்ல வேண்டிய ஆய்வு.

முதலில் விலக்க வேண்டியவை: முட்டி வீங்கிச் சூடாக இருப்பது, பாதியில் பூட்டிக்கொண்டு மடக்கவோ நீட்டவோ முடியாமல் போவது, நடக்கும்போது சட்டென நழுவுவது, இரவில் தூங்க விடாத வலி. இவற்றுக்கு எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். வெறும் "டக் டக்" சத்தம், வலி இல்லாமல், கவலைப்பட ஒன்றுமில்லை.

மற்றவர்களுக்கு வலியை 0 முதல் 10 வரை எண்ணிப் பார்க்கும் விதி. செய்யும்போது 3-க்குள் இருந்து, மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. 5-ஐத் தாண்டினாலோ மறுநாளும் நீடித்தாலோ அளவைப் பாதியாக்குங்கள். நிறுத்த வேண்டாம்.

முட்டிக்குத் தொடைத் தசைதான் முட்டுக்கொடுக்கிறது. அதற்கு ஏற்றது எழுந்து உட்காரும் பயிற்சி. செய்முறை:

- சக்கரம் இல்லாத நாற்காலி, பின்பக்கம் சுவரில் முட்டியிருக்க வேண்டும். இருக்கை உயரம் 43 முதல் 45 செ.மீ. வலி இருந்தால் கெட்டியான தலையணை ஒன்று போட்டு உயர்த்துங்கள். இருக்கை உயர உயர முட்டியின் மேல் பாரம் குறையும்.
- பாதி இருக்கைக்கு முன்னால் வந்து உட்காருங்கள். பாதத்தைக் கொஞ்சம் பின்னிழுத்து, மூக்கு முட்டிக்கு நேராக வரும்வரை முன்னால் சாயுங்கள். 2 வினாடியில் எழுந்து, 4 வினாடி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.
- எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். அடக்கிப் பிடித்தால் இரத்த அழுத்தம் எகிறும்.

கெடுவது இரண்டு இடத்தில். கடைசி நாலு விரற்கடையைத் தாங்காமல் "தொப்"பென்று விழுவது முதலாவது. தொடைக்கு வேலை அந்த இடத்தில்தான் அதிகம், அதை விட்டுவிட்டால் பயிற்சியில் பாதி போச்சு. முட்டிகள் ஒன்றையொன்று பார்த்து உள்ளே சரிவது இரண்டாவது. எழும்போது முட்டி இரண்டாம் கால்விரலின் திசையில் போகிறதா என்று கண்ணாடி முன்னால் பாருங்கள். சரிந்தால் இரண்டு தொடையையும் சேர்த்து ஒரு துண்டைத் தளர்வாகக் கட்டி, அதை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே எழுங்கள்.

8 வாரம் வரை கொடுத்துப் பாருங்கள். தலையணை போய், பிறகு கையை மார்பில் கட்டிக்கொண்டு எழ வரும். படி இறங்கும்போது வலிப்பது கடைசியாகத்தான் குறையும், அதைப் பார்த்துச் சலித்துவிட வேண்டாம்.

"இந்த வயசுல எதுக்கு?"

1990-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பாஸ்டனில் முதியோர் காப்பகத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு 8 வாரம் தொடைத் தசைக்கு நல்ல பாரத்தோடு பயிற்சி கொடுத்தார்கள். பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். தசைக்கு வயது வரம்பு கிடையாது.

இதன் மறுபக்கமும் உண்டு. 1966-இல் டாலஸ் நகரில் 20 வயதுள்ள ஐந்து இளைஞர்களை 3 வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். அவர்களையே 30 ஆண்டு கழித்து மறுபடி சோதித்தபோது, அந்த 30 ஆண்டு முதுமை செய்ததைவிட அன்றைய 3 வாரப் படுக்கை அவர்களின் உழைப்புத் திறனை அதிகம் குறைத்திருந்தது தெரிந்தது. "வயசாயிடுச்சு" என்று உட்காருகிறவரிடம், வயது செய்வதில் எவ்வளவு, உட்காருதல் செய்வதில் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

65-க்கு மேல் ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்: வாரத்தில் 3 நாளாவது சமநிலைப் பயிற்சி. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் 10 வினாடி, காலுக்கு மூன்று முறை. பிறகு ஒரு விரலால் மட்டும் பிடித்து. பிறகு பிடிக்காமல், ஆனால் கை எட்டும் தூரத்தில். ஈரத்தரையில் வேண்டாம், சாக்ஸ் போட்டுக்கொண்டும் வேண்டாம்.

"ஒரு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூட குறையல"

பயிற்சி வேலை செய்கிறது. நீங்கள் பார்க்கிற முள்தான் தப்பு.

60 கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் வேகமாக நடந்தால், சும்மா உட்கார்ந்திருந்தால் செலவாகியிருப்பதைக் கழித்துப் பார்த்தால் கூடுதலாக 100 கலோரி சுமாருக்குத்தான் போகும். இனிப்புப் பானம் ஒரு டம்ளரில் அது திரும்ப வந்துவிடும். நடந்த பிறகு பசி கொஞ்சம் கூடும், மிச்ச நாளில் நம்மை அறியாமலே கொஞ்சம் அதிகம் உட்காருவோம். எடைக் குறைப்பில் பெரும்பங்கு சாப்பாட்டுத் தட்டுக்கு. குறைந்த எடையைத் திரும்ப ஏறாமல் பிடித்து வைப்பதில் பயிற்சிக்குப் பெரும்பங்கு. புதிதாகத் தசைப் பயிற்சி தொடங்கியவருக்கு முதல் சில வாரம் தசையில் நீர் சேர்ந்து எடை ஏறக்கூடச் செய்யும்.

தராசைக் கொஞ்ச நாள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நாலைந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: காலையில் எழுவதற்கு முன் படுத்தபடியே ஒரு நிமிட நாடித்துடிப்பு, 30 வினாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது, மூன்று மாடி ஏறியபின் மூச்சு அடங்க எத்தனை வினாடி, தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு. மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில். முதலில் அசைவது எழுந்து உட்காரும் எண்ணிக்கை. நரம்புகள் தசையைச் சரியாகக் கூப்பிடப் பழகுவதால் தசை பருமனாகும் முன்பே பலம் கூடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொரு எண்: சாப்பிட்டபின் 10, 15 நிமிடம் நடந்த நாளிலும் நடக்காத நாளிலும் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த அளவு. வித்தியாசத்தைப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு தராசைத் தேடுவதில்லை.

"தொப்பை மட்டும் குறைஞ்சா போதும்" என்று தினமும் நூறு முறை வயிற்றுப் பயிற்சி செய்பவர்களுக்கு: வேலை செய்கிற தசை பக்கத்துக் கொழுப்பைத் தின்பதில்லை. எரிபொருள் இரத்தம் வழியாக உடம்பு முழுவதிலிருந்தும் வருகிறது. 2011-இல் ஓர் ஆய்வில் 6 வாரம் வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு வயிற்றுத் தசையின் தாக்குப்பிடிக்கும் திறன் கூடியது, வயிற்றுக் கொழுப்பு அப்படியே இருந்தது.

சின்னச் சின்னப் பழுதுகள்

"10,000 அடி முடியல." அந்த எண் எந்த ஆய்விலும் பிறக்கவில்லை. 1965-இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயர் மன்போ-கெய், பொருள் "பத்தாயிரம் அடி அளவி". அவ்வளவுதான். 2019-இல் சராசரி 72 வயதான 16,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு தெளிவாகக் குறைந்தது. 7,500 வாக்கில் அந்தக் குறைவு சமநிலைக்கு வந்துவிட்டது. இப்போதைய உங்கள் வாரச் சராசரியோடு 1,000 சேர்த்து அதை இலக்காக வையுங்கள்.

"வீட்டு வேலையே எக்சர்சைஸ்தான்." பாதி சரி. 1953-இல் ஜெர்ரி மாரிஸ் லண்டன் இரட்டை அடுக்குப் பஸ்களை ஆராய்ந்தபோது, நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு, உட்கார்ந்தே இருந்த டிரைவர்களைவிட மாரடைப்பு குறைவு என்று கண்டார். பிழைப்புக்கான வேலையும் உழைப்புத்தான். ஆனால் பேச்சுச் சோதனையை வைத்துப் பாருங்கள்: துடைப்பது, தேய்ப்பது, சுமப்பது தேறும், அடுப்படியில் நிற்பது தேறாது. நின்று களைப்பதும் நெஞ்சு உழைப்பதும் வேறு வேறு. தசைக்கான இரண்டு நாளை எப்படியும் தனியாகச் செய்தாக வேண்டும்.

"வெயிட் தூக்கினா ஆம்பளை மாதிரி ஆயிடுவேன்." பெண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவு ஆண்களுடையதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். ஆண்களே ஆண்டுக்கணக்கில் பாடுபட்டும் பெருக்க முடியாமல் தவிக்கிற தசை, வாரத்துக்கு 20 நிமிடத்தில் தெரியாத்தனமாக வந்துவிடாது.

"விட்டுட்டா தசையெல்லாம் கொழுப்பாயிடும்." இரண்டும் வெவ்வேறு திசுக்கள், ஒன்று மற்றொன்றாக மாறாது. விட்டால் தசை மெலியும். சாப்பாடு பழையபடியே இருந்தால் கொழுப்பு தனியாகச் சேரும்.

"வியர்க்கலையே, பலன் இருக்குமா?" வியர்வை உடம்பின் குளிரூட்டி. வெக்கையில் சும்மா நின்றாலும் வழியும். மூச்சைப் பாருங்கள்.

"ஜிம் இல்ல, சாமான் இல்ல." முதுகுப்பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் ஐந்து போட்டால் 5 கிலோ. பாட்டில்கள் உருளாமல் இடையில் துண்டைத் திணியுங்கள்; உருளும் பாரம்தான் இடுப்பைச் சுளுக்கும். ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் பையை இடுப்புவரை இழுத்து இறக்குங்கள்: 8 முதல் 12 முறை, பக்கத்துக்கு இரண்டு சுற்று. தண்டால் முன்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும், இது முதுகைப் பார்த்துக்கொள்ளும். கூனல் தோள்காரர்களுக்கு இதுதான் முதலில் வேண்டியது.

"எல்லாரும் பார்ப்பாங்க." வீட்டுக்குள் செய்யுங்கள், முடிந்தது. இதற்குத் தைரியம் வரவழைக்க முயன்று மாதங்களை வீணாக்க வேண்டாம்.

"விட்டுப்போச்சு, இனி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்"

ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு என்பது தப்பு. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்வதும் தப்பு. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமல் நடக்கிற பழக்கமாக நடுத்தர அளவில் 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை. 22-ஆம் நாளும் கஷ்டமாக இருக்கிறதே என்று கைவிட்டவர்கள் அந்த 21-ஐ நம்பியதால் கைவிட்டவர்கள்.

இடைவெளி எவ்வளவு என்று பார்த்துத் திரும்புங்கள். ஒரு வாரத்துக்குள் என்றால் விட்ட இடத்திலிருந்தே. இரண்டு மூன்று வாரம் என்றால் பழைய அளவில் பாதி, அடுத்த வாரம் முக்கால், அதற்கடுத்து முழுசு. மாதக்கணக்கு என்றால் மேலே சொன்ன முதல் வார அளவு, 6, 6, 10. பழகிய உடம்பு என்பதால் முதல் தடவையைவிட வேகமாக மேலே வரும். நோயால் விட்டிருந்தால், காய்ச்சல் நின்று இரண்டு நாள் சாதாரணமாகச் சாப்பிட்டு நடமாடிய பிறகு மெதுவான நடையில் தொடங்குங்கள். நெஞ்சு படபடப்போ புதிதாக மூச்சுத்திணறலோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் நின்றுபோனால், எந்தக் கிழமை, எந்த நேரம், அதற்கு முன் என்ன நடந்தது என்று மூன்றையும் காலண்டரில் குறித்து வாருங்கள். நாலு தடவை குறித்தாலே கிழமை தெரிந்துவிடும். அந்தக் கிழமையில் பயிற்சியை வேறு நேரத்துக்கு மாற்றுங்கள், அல்லது அன்றைக்கு மட்டும் 10 குதிகால் தூக்கலோடு விட்டுவிடுங்கள்.